வாணியோட அப்பாவுக்கு மைனஸ் 358 வயசா? வேர்ட் சம் தெரிஞ்சவங்க வாங்க

டபுள்விசில்:
வணக்கம் மக்களே. நான் பஸ் கண்டக்டர், பொண்ணு பத்தாவது படிக்கிறா, ஸ்டேட் போர்டு, தமிழ் மீடியம். நேத்து நைட் டூட்டி முடிச்சு வந்து அவ ரஃப் நோட்ட சும்மா புரட்டுனேன், தூக்கிவாரிப் போட்டுருச்சு. இயற்கணிதத்துல வர்ற வாணி கணக்கு, பத்தாவது புள்ளைங்க வச்சிருக்கிற வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். வாணி, அவ அப்பா, தாத்தா மூணு பேரோட சராசரி வயசு 53. தாத்தா வயசுல பாதி, அப்பா வயசுல மூணுல ஒண்ணு, வாணி வயசுல கால், இத மூணையும் கூட்டுனா 65. நாலு வருஷத்துக்கு முன்னாடி தாத்தா வயசு வாணி வயசைப் போல நாலு மடங்கு. இப்ப யாருக்கு என்ன வயசு?

எம்பொண்ணு விடை: வாணி 84.57, தாத்தா 326.28, அப்பா மைனஸ் 357.85. அடியில ஸ்கேல் வச்சு ரெண்டு கோடு வேற இழுத்திருக்கா.

ஏம்மா அப்பனுக்கு மைனஸ்ல வயசு வருமான்னு கேட்டா, "கணக்கு அப்படித்தான் வருது, நான் என்ன பண்ண"ன்னு சொல்றா. வெறும் சமன்பாடு குடுத்தா நல்லா போடுறா, நீக்கல் முறை, பிரதியிடல், எல்லாம் தண்ணி பட்ட பாடு. வாக்கியமா குடுத்தாத்தான் இந்தக் கதி. டியூஷன்லயும் சேர்த்து விட்டேன், அங்க பத்து கணக்க மனப்பாடம் பண்ணிட்டு வரச் சொல்றாங்களாம், பேரும் நம்பரும் மாத்திக் குடுத்தா அதோட சரி. எனக்கு டிக்கெட்டும் சில்லறையும்னா கண்ண மூடிட்டு சொல்லிருவேன், எக்ஸ் ஒய்னு வந்துட்டா நானும் அவளும் ஒண்ணுதான். யாராச்சும் எங்க தப்புன்னு சொல்லுங்க.

டியூஷன் அக்கா:
அண்ணே முதல்ல ஒரு சந்தோஷமான சேதி சொல்றேன், உங்க பொண்ணு சமன்பாட்டத் தீர்த்ததுல ஒரு தப்பும் இல்ல. அந்த மூணு விடையையும் கூட்டிப் பாருங்க, சரியா 53 வரும். அங்கதான் மாட்டுச்சு. சராசரி 53ன்னா மூணு பேர் வயசும் சேர்ந்து 159. பாப்பா கூட்டுத்தொகையே 53ன்னு எழுதிருக்கு. மத்த ரெண்டு சமன்பாடும் சரியாத்தான் எழுதியிருக்கணும், இல்லன்னா இந்த நம்பர் வராது, நான் போட்டுப் பாத்துட்டேன்.

என்கிட்ட வர்ற பசங்கள்ல இந்தக் கணக்குல ரெண்டு இடத்துல விழுவாங்க. ஒண்ணு இந்த சராசரி. இன்னொண்ணு "நாலு வருஷத்துக்கு முன்னாடி". தாத்தாவுக்கு மட்டும் நாலக் கழிச்சுட்டு வாணிய அப்படியே விட்டுருவாங்க, ஏதோ தாத்தாவுக்கு மட்டும்தான் வயசாகுற மாதிரி. அப்படிப் போட்டா வாணி வயசு 136/7ன்னு வரும். முழு எண்ணா வராத வயசு வந்ததுமே பேனாவ கீழ வச்சுட்டு கேள்விய திரும்பப் படிக்கணும், ஆனா யாரு படிக்கிறா. அஞ்சு மார்க் கேள்வி, ஸ்டெப் மார்க் கிடைச்சாப் போதும்னு அடுத்ததுக்குப் போயிருவாங்க.

டபுள்விசில்:
அக்கா நன்றி. சராசரிய அவகிட்ட கேட்டேன், "கூட்டி மூணால வகுக்கணும்"னு பட்டுனு சொல்றா. தெரியுது, ஆனா எழுதும்போது வரல. இது என்ன வியாதின்னே புரியல.

சாக்பீஸ் தூசி:
டபுள்விசில் சார், அது வியாதி இல்ல, நான் முப்பது வருஷத்துக்கு மேல கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன், வகுப்புக்கு வகுப்பு இதேதான். பிள்ளைங்க வாக்கியத்தப் படிக்கிறதில்ல, நம்பரப் பொறுக்குறாங்க. 53ஐப் பாத்தாங்க, மூணு ஆளப் பாத்தாங்க, மூணையும் கூட்டி 53ன்னு போட்டாச்சு. நடுவுல "சராசரி"ன்னு ஒரு வார்த்த நின்னுக்கிட்டு இருக்கு பாருங்க, அத யாரும் ஏறிட்டுப் பாக்கல.

நான் வகுப்புல ஒரு பழக்கம் வச்சிருந்தேன். எக்ஸ் போடுறதுக்கு முன்னாடி நோட்டுல ஒரு வரி முழுசா எழுதணும். "எக்ஸ் = வாணி"ன்னு எழுதுனா அடிச்சு விட்டுருவேன். "எக்ஸ் = வாணியின் இப்போதைய வயது, வருடத்தில்" அப்படின்னு எழுதணும். இப்போதைய, வயது, வருடம் மூணு வார்த்தையும் இருக்கணும். "இப்போதைய"ன்னு எழுதுன பையன் நாலு வருஷத்துக்கு முன்னாடின்னு வரும்போது தானா யோசிப்பான், ரெண்டு பேருக்கும் கழிக்கணும்னு கை தானாப் போகும்.

கணக்க முழுசாப் போட்டுக் காட்டுறேன். இங்க எக்ஸ் ஒய் டைப் பண்ண சிரமமா இருக்குறதால வா, அ, தான்னு வச்சுக்கிறேன், மூணும் இப்போதைய வயசு.

வா + அ + தா = 159
தா/2 + அ/3 + வா/4 = 65, இத 12ஆல பெருக்குனா 3வா + 4அ + 6தா = 780
தா − 4 = 4(வா − 4), அதாவது தா = 4வா − 12

மூணாவதுல தாத்தா வயசு வாணி வயசாவே வந்துருச்சு, அதக் கொண்டுபோய் முதல் சமன்பாட்டுல வைங்க: அ = 171 − 5வா. இப்ப ரெண்டையும் நடுச் சமன்பாட்டுல போட்டா 3வா + 684 − 20வா + 24வா − 72 = 780. 7வா = 168. வா = 24, அப்பா 51, தாத்தா 84.

நீக்கல் முறையிலயும் போடலாம், ஆனா ஒரு சமன்பாடு இப்படி ரெண்டே ஆளோட வந்தா பிரதியிடல்தான் சுலபம், எதுக்கு வீணா ஆறேழு வரி எழுதணும்.

பைத்தான் தம்பி:
சார் இதெல்லாம் கையில எதுக்கு, நம்பைன்னு பைத்தான்ல ஒரு கணக்கு லைப்ரரி இருக்கு, அதுல மூணு வரி, மேட்ரிக்ஸ் குடுத்தா சால்வ் பண்ணித் தந்துரும். நான் இஞ்சினியரிங் மூணாவது வருஷம், கையால நீக்கல் பண்ணி ரெண்டு வருஷமாச்சு.

டியூஷன் அக்கா:
தம்பி, அந்தப் பாப்பா மேட்ரிக்ஸ்ல 53ன்னு குடுத்திருந்தா உன் நம்பை என்ன சொல்லியிருக்கும்? அதே மைனஸ் 357.85தான் சொல்லும், பத்து தசமத்தோட சொல்லும்.

பைத்தான் தம்பி:
😅 பாயின்ட்.

அரிசிமண்டி:
எல்லாரும் பெரிய பெரிய ஆளா இருக்கீங்க, நான் எட்டாவதோட நின்னவன், எனக்கு இந்த எக்ஸ் சமாச்சாரம் ஒண்ணும் தெரியாது, ஆனா தினமும் இதேதான் செய்றேன்னு தோணுது அதனால எழுதுறேன். கிலோ 52 ரூவா அரிசி ஒண்ணு, 68 ரூவா அரிசி ஒண்ணு, ஹோட்டல்காரர் கலந்து 58 ரூவா வர்ற மாதிரி 40 கிலோ கேக்குறாரு. நான் எப்படிப் போடுவேன்னா, 40 கிலோவும் 52ன்னே வச்சுக்குவேன், 2080 ஆகும். அவர் குடுக்குறது 40 × 58, 2320. 240 ரூவா இடிக்குது. ஒரு கிலோ 52ஐ எடுத்துட்டு 68ஐப் போட்டா 16 ரூவா ஏறும். 240ல 16 எத்தன வாட்டி, பதினஞ்சு. அப்ப 15 கிலோ உசந்தது, 25 கிலோ சாதா. டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சுரும். இதுக்கு எதுக்குய்யா எக்ஸும் ஒய்யும்?

சாக்பீஸ் தூசி:
அரிசிமண்டிக்காரரே, கைய குடுங்க. நீங்க செஞ்சது பிரதியிடல் முறையேதான், எழுத்து மட்டும் இல்ல. சீனாவுல சுன்சி எழுதுனதாச் சொல்ற பழைய கணக்கு நூல்ல கோழியும் முயலும் ஒரே கூண்டுல இருக்குற கணக்கு ஒண்ணு இருக்கு, தலை 35, கால் 94. எல்லாம் கோழின்னு வச்சா 70 கால், 24 கால் மிச்சம், ஒரு கோழிய முயலா மாத்துனா 2 கால் ஏறும், அப்ப முயல் 12, கோழி 23. உங்க அரிசியும் அந்தக் கூண்டும் ஒண்ணுதான்.

ஆனா மூணு ரக அரிசின்னு வந்தா என்ன செய்வீங்க?

அரிசிமண்டி:
மூணு ரகம்னா… 40 கிலோ, இன்ன விலைன்னு மட்டும் சொன்னா பல விதமா கலக்கலாமே சார். எது ஸ்டாக் நிறைய இருக்கோ அதக் கூடப் போடுவேன் 😂

சாக்பீஸ் தூசி:
பாத்தீங்களா, "எண்ணற்ற தீர்வுகள்"ங்கிற பாடத்த ஒரு வரியில முடிச்சுட்டாரு. தெரியாதது மூணு, சேதி ரெண்டுதான். மூணாவது சேதி வேணும், இல்லன்னா ஒரே விடைன்னு சொல்ல முடியாது.

பழைய பெஞ்ச்:
சார் ஒரு டவுட்டு, சமன்பாடு ரெண்டு இருந்தா தெரியாதது ரெண்டும் வந்துரும்னுதானே சொல்லுவாங்க, ஆனா சில நேரம் போட்டுக்கிட்டே போனா 0 = 0ன்னு வந்து நிக்குது, ஸ்கூல்ல இது வந்தாலே கை நடுங்கும், எங்கயோ தப்பு பண்ணிட்டோம்னு முழுசா அடிச்சுட்டு மறுபடி போடுவேன், மறுபடி அதே 0 = 0.

பைத்தான் தம்பி:
இது நான் சொல்றேன், டீக்கடைய வச்சு. நீ போற, 4 டீ 2 வடை, 84 ரூபாய்னு பில்லு. உன் ஃப்ரெண்டு 2 டீ 1 வடை, 42 ரூபாய். ரெண்டு பில்லு கையில இருக்கு, டீ எவ்வளவு வடை எவ்வளவுன்னு சொல்ல முடியுமா? முடியாது, ஏன்னா அவன் பில்லு உன் பில்லுல பாதி, புதுசா ஒண்ணுமே சொல்லல. டீ 15 வடை 12ன்னாலும் சரியா வரும், டீ 16 வடை 10ன்னாலும் வரும். அதான் 0 = 0. இதையே அவனுக்கு 40 ரூபாய்னு போட்டிருந்தா 0 = 4ன்னோ 0 = 2ன்னோ வந்து நிக்கும், அப்படி ஒரு விலையே கிடையாது, யாரோ ஒருத்தர்கிட்ட தப்பா வாங்கிட்டாங்கன்னு அர்த்தம். நம்பைல ரெண்டையும் குடுத்தா ரெண்டுக்கும் ஒரே மாதிரி சிங்குலர் மேட்ரிக்ஸ்னு எரர் அடிச்சுட்டுப் படுத்துரும், எது எண்ணற்ற தீர்வு எது தீர்வே இல்லன்னு அது சொல்லாது. (அக்கா, பாருங்க நானே நம்பையப் போட்டுக் குடுத்துட்டேன்.)

பழைய பெஞ்ச்:
இருபது வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் இது புரியுது. அந்த அடிச்ச கணக்குக்கெல்லாம் மார்க் திருப்பிக் கேக்க முடியுமா 😭

தமிழய்யா மகள்:
கணக்கு இழையில நான் மூக்க நுழைக்கிறேன்னு நினைக்காதீங்க, நான் தமிழ் டீச்சர். பக்கத்து கிளாஸ்ல கணக்கு நடக்கும்போது காதுல விழும், பசங்க தடுமாறுற இடம் பாதிக்குப் பாதி தமிழ்லதான்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். "முதல் எண்ணை விட இரண்டாம் எண் 5 அதிகம்"னு குடுத்தா என்ன எழுதுறாங்க தெரியுமா? முதல் எண் = இரண்டாம் எண் + 5. ஏன்னா முதல் எண் முன்னாடி வருது, அதிகம்னு ஒரு வார்த்த இருக்கு, வந்த வரிசையிலயே எழுதிட்டாங்க.

ஆனா விடை அந்த வாக்கியத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கு. ரெண்டாம் வேற்றுமை உருபு, ஐ. "எண்ணை விட", "வயசைப் போல". ஐ எதுல ஒட்டியிருக்கோ அதுதான் அளவுகோல், அதுமேலதான் கை வைக்கணும், கூட்டுறதோ கழிக்கிறதோ மடங்கு போடுறதோ எல்லாம் அங்கதான். மத்தது சமன் குறிக்கு அந்தப் பக்கம் தனியா நிக்கும். "முதல் எண்ணின் மும்மடங்கை விட இரண்டாம் எண் 5 குறைவு": ஐ மும்மடங்குல ஒட்டியிருக்கு, அப்ப 3 × முதல் எண் − 5 = இரண்டாம் எண். "தாத்தா வயசு வாணி வயசைப் போல நாலு மடங்கு": ஐ வாணி வயசுல. 4 × வாணி = தாத்தா.

எங்க பசங்க வேற்றுமைய பரிட்சைக்கு மட்டும்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க.

டியூஷன் அக்கா:
டீச்சர் இது அபாரம், நாளைக்கே போர்டுல எழுதப் போறேன். ஆனா ஒண்ணு இடிக்குது, "முதல் எண்ணிலிருந்து 5-ஐக் கழித்தால்" இதுல ஐ அஞ்சுல ஒட்டியிருக்கே? அஞ்சு மேல கை வச்சா 5 − முதல் எண்ணுன்னு எழுதிருவாங்களே.

தமிழய்யா மகள்:
ஆமா சரிதான் அக்கா, அங்க ஐ செயப்படுபொருள்ல நிக்குது, ஒப்பிடல. விட, போல, காட்டிலும் இந்த மூணு பின்னாடி வந்தா மட்டும்னு சொல்லிக் குடுங்க. "இலிருந்து" வந்தா அது அஞ்சாம் வேற்றுமை, அது எதுல ஒட்டியிருக்கோ அத முதல்ல எழுதணும். அப்ப முதல் எண் − 5.

சாக்பீஸ் தூசி:
முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்குடுத்தேன், பக்கத்து ரூம்ல தமிழ் சார் இருந்தாரு, ஒரு நாள் கூட நாங்க ரெண்டு பேரும் இதப் பேசுனதில்ல. டீ மட்டும் குடிச்சோம்.

உருபே இல்லாத வாக்கியம்தான் இன்னும் மோசம். "ஒரு வாத்தியாருக்கு 30 பசங்க". வாத்தியார் எண்ணிக்கை வா, பசங்க எண்ணிக்கை ப. சமன்பாடு எழுதுங்க பாப்போம், யோசிக்காம.

பழைய பெஞ்ச்:
30ப = வா. சிம்பிள்.

அரிசிமண்டி:
ஒரு வாத்தியாருக்கு முப்பது பையன்னா ரெண்டு வாத்தியாருக்கு அறுவது. வாத்தியார முப்பதால பெருக்குனாத்தான் பசங்க கணக்கு வரும். 30வா = ப.

சாக்பீஸ் தூசி:
பழைய பெஞ்ச் தம்பி வெக்கப்படாதீங்க. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துல 1980 வாக்குல இதே மாதிரி ஒரு கேள்விய, ஒரு பேராசிரியருக்கு ஆறு மாணவர்னு, முதல் வருஷ இஞ்சினியரிங் பசங்களுக்குக் குடுத்துப் பாத்தாங்க, மூணுல ஒரு பங்குக்கு மேல தப்பு. அதுலயும் பெரும்பாலானவங்க உங்கள மாதிரியே தலைகீழாத்தான் எழுதுனாங்க. என்ன நடக்குதுன்னா ப-ங்கிற எழுத்த "பசங்க"ன்னே படிக்கிறோம், "30 பசங்க, ஒரு வாத்தியார்"னு. எழுத்து ஆளக் குறிக்கல, ஆளோட எண்ணிக்கையக் குறிக்குது. அதனாலதான் நான் மேல வா, அ, தான்னு வச்சது கூட தப்புதான், வகுப்புல வைக்க மாட்டேன், வான்னு பாத்ததும் புள்ள வாணியையே நினைக்கும், வாணியோட வயச நினைக்காது. எக்ஸ்னா யாரு மூஞ்சியும் ஞாபகம் வராது, அதுதான் எக்ஸுக்கு இருக்குற நல்ல குணம்.

அரிசிமண்டிக்காரர் செஞ்சதப் பாருங்க, ரெண்டு வாத்தியாருக்கு அறுவதுன்னு ஒரு நம்பரப் போட்டுப் பாத்தாரு. அவ்வளவுதான் விஷயம். சமன்பாடு எழுதுனதும் ஒரு நம்பரப் போட்டுப் பாரு, நடப்போட ஒத்துப் போகுதான்னு.

டியூஷன் அக்கா:
எனக்கு இதுல முழுசா சம்மதம் இல்ல சார். மெதுவாப் படிக்கிற பசங்களுக்கு எக்ஸ் ஒய்னாலே பயம், வா அ தான்னு போட்டா அந்த பயம் போகுது, கணக்குக்குள்ள வந்துர்றாங்க. உள்ள வந்தப்புறம் எண்ணிக்கை, வயசுன்னு திருத்திக்கலாம். வாசல்லயே நிக்கிறவன உள்ள கூப்பிடுறதுதான் முதல் வேலை.

சாக்பீஸ் தூசி:
உங்க அனுபவம் உங்களுக்கு. நான் பாத்த வரைக்கும் முதல்ல ஒட்டுன பழக்கம் பத்தாவது முடியுற வரைக்கும் போகல.

பைத்தான் தம்பி:
ஈரிலக்க எண் கணக்குலயும் இதே கூத்துதான? இலக்கங்களோட கூடுதல் 9, இடம் மாத்துனா 27 கூடும்னு வரும்ல, எண்ண எக்ஸ்ஒய்னு ஒட்டி எழுதிட்டு பெருக்கல்னு எடுத்துக்கிட்டு ஒரு பக்கம் போட்டேன் நான். 10 எக்ஸ் + ஒய்னு யாராச்சும் முன்னாடியே சொல்லியிருக்கலாம். விடை 36.

சாக்பீஸ் தூசி:
ஆமா. அந்தக் கணக்குல வித்தியாசம் எப்பவும் ஒன்பதோட மடங்காத்தான் வரும், 9 × (ஒய் − எக்ஸ்). 25 கூடும்னு எவனாச்சும் கேள்வி குடுத்தா கேள்வியே தப்பு, பேனா எடுக்க வேணாம்.

சரி, நேரம் இருந்தா ஒரு பழைய கணக்கு சொல்றேன், ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்துல, சுமார் 850ல, மகாவீரர்ங்கிற சமணர் எழுதுன கணிதசாரசங்கிரகத்துல வருது. இத சென்னை மாநிலக் கல்லூரியில சமஸ்கிருதப் பேராசிரியரா இருந்த ரங்காசார்யா இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து 1912ல மெட்ராஸ் அரசாங்க அச்சகத்துல வந்துச்சு. 9 நார்த்தங்காயும் மணக்குற 7 விளாம்பழமும் சேர்ந்து விலை 107. 7 நார்த்தங்காயும் 9 விளாம்பழமும் 101. ஒவ்வொண்ணும் என்ன விலை? நீக்கல் முறையில 9ஆலயும் 7ஆலயும் பெருக்கி மல்லுக்கட்டாதீங்க, வேற வழி இருக்கு, யாராச்சும் கண்டுபிடிங்க.

அரிசிமண்டி:
ரெண்டு பில்லையும் கூட்டுனா 16 நார்த்தை 16 விளாம்பழம், 208. அப்ப ஒரு ஜோடி 13. ரெண்டு பில்லுக்கும் 6 ரூவா வித்தியாசம், எதனாலன்னா ரெண்டு விளாம்பழத்துக்குப் பதிலா ரெண்டு நார்த்தை போனதால. அப்ப ஒரு நார்த்தை விளாம்பழத்த விட 3 கூட. ஜோடி 13, வித்தியாசம் 3. நார்த்தை 8, விளாம்பழம் 5. சரியா?

(எட்டு ரூவாய்க்கு நார்த்தங்கா இப்ப எங்க கிடைக்குது)

சாக்பீஸ் தூசி:
சரி, சரி, நூத்துக்கு நூறு. மகாவீரர் சொன்ன விதி இன்னும் நேரா இருக்கு: 107 × 9 − 101 × 7 = 256. அத 81 − 49 = 32ஆல வகுத்தா 8. ஆனா உங்க வழிதான் எனக்குப் பிடிச்சிருக்கு, ஏன் அப்படின்னு அதுலயே தெரியுது. நீங்க எட்டாவதோட நின்னதுல கணக்குக்குத்தான் நஷ்டம்.

பைத்தான் தம்பி:
காலேஜ்ல இத காஸியன் எலிமினேஷன்னு சொல்லிக்குடுத்தாங்க, காஸ் 1800 வாக்குல ஆளு. அப்ப அதுக்கு முன்னாடியே இதெல்லாம் இருந்துச்சா?

சாக்பீஸ் தூசி:
சீனாவுல ஒன்பது அத்தியாயம்னு ஒரு கணக்கு நூல், ரெண்டாயிரம் வருஷப் பழசு, அதுல எட்டாவது அத்தியாயம் முழுக்க இதுதான். முதல் கணக்கே மூணு ரகக் கதிர்க்கட்டு. நல்ல ரகம் 3, நடு ரகம் 2, மட்டம் 1 சேர்ந்தா 39 மரக்கால்னு வைங்க (அவங்க அளவுக்கு வேற பேரு), 2, 3, 1 எடுத்தா 34, 1, 2, 3 எடுத்தா 26. கட்டுக்கு எவ்வளவு? குச்சிய பலகையில நெடுக்க அடுக்கி ஒரு வரிசைய இன்னொண்ணுல இருந்து கழிச்சு கழிச்சு காலி பண்ணுவாங்க, காஸ் முறை அப்படியே. நடுவுல மைனஸ் வந்தா என்ன பண்றது? 263ல அதுக்கு உரை எழுதுன லியூ ஹுய் சொல்றாரு, கூட்டலுக்கு சிவப்புக் குச்சி, மைனஸுக்கு கறுப்புக் குச்சி. இப்ப நஷ்டத்த சிவப்புல எழுதுற வழக்கத்துக்கு நேர் எதிர்.

விடை 9¼, 4¼, 2¾. அரிசிமண்டிக்காரரே, மூணு ரகம் கேட்டேன்ல, மூணு சேதி குடுத்தா இப்படி ஒரே விடை வரும்.

அரிசிமண்டி:
போட்டுப் பாத்தேன் சார், 27.75, 8.50, 2.75, கூட்டுனா 39 சரியா இருக்கு. ஆனா இத மனசுல போட முடியாது, பேப்பர் வேணும். சரி, மூணு ரகம்னு வந்தா எக்ஸ் வேணும்னு ஒத்துக்கிறேன்.

டியூஷன் அக்கா:
டபுள்விசில் அண்ணன ஆளையே காணோம், நாம பாட்டுக்கு சீனா வரைக்கும் போயிட்டோம் 😀

டபுள்விசில்:
டூட்டில இருந்தேன் அக்கா, ஸ்டாண்டுல வண்டி நிக்கும்போதெல்லாம் படிச்சுக்கிட்டுதான் இருந்தேன். சாயந்தரம் வீட்டுக்கு வந்து பொண்ண உக்கார வச்சேன். ரிட்டயர்டு சார் சொன்ன மாதிரி முதல்ல மூணு வரி எழுத வச்சேன், இப்போதைய வயது வருடத்தில்னு, முணுமுணுத்துக்கிட்டே எழுதுனா. டீச்சர் சொன்ன ஐ விஷயத்தையும் காட்டுனேன், அத மட்டும் உடனே பிடிச்சுக்கிட்டா, "அட இதுதானா"ன்னு சொல்லி பழைய கேள்வியில எல்லாம் ஐய தேடித் தேடி வட்டம் போட்டா. "போல"ன்னு எழுதியிருந்த ரெண்டு கணக்கு முன்னாடி தப்பாப் போட்டிருந்தா, அவளே திருத்திட்டா.

அப்புறம் எனக்குத் தெரிஞ்சதுல ஒண்ணு குடுத்தேன். "ஃபுல் டிக்கெட் 18, அரை டிக்கெட் 9, வண்டில 52 பேரு, வசூல் 860, ஃபுல் எத்தன அரை எத்தன"ன்னு. நான் கையில வந்த நம்பரச் சொன்னேன். அவ போட்டுட்டு, "அப்பா அரை டிக்கெட் 8.44 வருது, நீ தப்பா சொல்லிருக்க, ரெண்டு டிக்கெட்டும் ஒன்பதால வகுபடும், 860 வகுபடாது, வசூல்ல எங்கயோ இடிக்குது"ன்னா. கண்டக்டர் வீட்டுலயே வசூல் இடிக்குதுன்னு சொல்றா பாருங்க. 855ன்னு மாத்திக் குடுத்தேன். ஃபுல் 43, அரை 9.

பைத்தான் தம்பி:
அண்ணே செக்கிங் இன்ஸ்பெக்டர் வேலைக்கு இப்பவே ரெடி.

தமிழய்யா மகள்:
ஐய வட்டம் போட்டான்னு படிச்சதும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. இலக்கணத்துக்கு யாரும் வட்டம் போட்டு நான் பாத்ததில்ல.

டபுள்விசில்:
கடைசியா வாணி கணக்கத் திரும்பப் போட்டா. 24, 51, 84 வந்துச்சு. கோடு போடப் போனவ அப்படியே நிறுத்திட்டு கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தா. என்னம்மான்னு கேட்டேன். "வாணி பொறந்தப்ப அவ அப்பாவுக்கு 27. அவ அப்பா பொறந்தப்ப தாத்தாவுக்கு 33. சரியாத்தான்பா இருக்கு"ன்னா. அப்புறம் கோடு போட்டா.